சுதந்திர மனிதனுக்கு விலை உண்டா?

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹவுளுக்கருகில் அமர்ந்திருந்தேன். ஆம்பூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஸலாம் கூறி எதிரே வந்து அமர்ந்தார். சிறு வயதில் என்னிடம் திருக்குர்ஆனும், பின்னர் ஃபிக்ஹின் தொடக்க நூல்களும் ஓதியவர். தந்தையார் தோல் பதனிடும் தொழிற்சாலையில் கூலி வேலை செய்பவர். மகனுக்கோ கால்பந்தில் நாட்டம். பள்ளிக்கூட மைதானத்தில் தொடங்கிய ஆட்டம் மாவட்ட எல்லையைக் கடந்து, வெளியூர்க் கழகம் ஒன்றின் கண்ணில் பட்டிருந்தது. அவருடைய கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட நான்கைந்து தாள்கள் இருந்தன.

“ஹஜ்ரத், இரண்டு ஆண்டு ஒப்பந்தம் இது. கூட்டாளிகள் எல்லாரும், ‘உன்னை விற்றுவிட்டார்களாமே, என்ன விலைக்கு?’ என்று கேலி பேசுகிறார்கள். சுதந்திரமானவனை விற்பதும் வாங்குவதும் கூடாது என்று தாங்கள்தானே பாடம் நடத்தினீர்கள்? இதில் நான் கையெழுத்திடலாமா?”

கேலியில் பிறந்த கேள்விதான். ஆயினும் எளிதில் ஒதுக்கிவிடக் கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. நாளேடுகளைப் பாருங்கள். இன்னார் இத்தனை கோடிக்கு விற்கப்பட்டார், இன்னாரை இன்ன கழகம் வாங்கியது, இன்னாரை இரவல் கொடுத்தது என்றுதான் எழுதுகிறார்கள். சந்தையில் கால்நடைக்குப் பேசும் சொற்களை மனிதனுக்குப் பேசுகிறார்கள். இது வெறும் பேச்சு வழக்கா? அல்லது பேச்சுக்குள் உண்மையும் ஒளிந்திருக்கிறதா? இளைஞரிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். ஆட்டத்தின் சட்டதிட்டங்களை அறிந்தோரிடம் விசாரித்தேன். கிதாபுகளையும் மீண்டும் புரட்டினேன். அதன் பயனே இக்கட்டுரை. இதனை ஃபத்வா என்று எவரும் கொள்ள வேண்டா, ஓர் ஆசிரியன் தன் மாணவனுக்கு விடை தேடிய வழியை வாசகப் பெருமக்களோடு பகிர்ந்துகொள்கிறேன், அவ்வளவே.

மூவருக்கு எதிரான வழக்கு

ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள ஹதீஸ் குத்ஸீ ஒன்று நம் உள்ளத்தை நடுங்கச் செய்வது. மறுமை நாளில் மூன்று பேருக்கு எதிராகத் தானே வழக்காடுவதாக வல்ல அல்லாஹ் அறிவிக்கின்றான். ஒருவன், இறைவன் பெயரால் வாக்களித்துப் பின் மோசடி செய்தவன். இரண்டாமவன், சுதந்திர மனிதனை விற்று அந்தக் கிரயத்தை உண்டவன். மூன்றாமவன், கூலிக்கு ஆளமர்த்தி, வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு, கூலியைக் கொடாதவன்.

இம்மூன்றும் ஏன் ஓரிடத்தில் சேர்த்துச் சொல்லப்பட்டன என்று பலமுறை சிந்தித்ததுண்டு. ஒப்பந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு சிந்தித்தபோதுதான் அவற்றின் உறவு எனக்குத் தெளிவாயிற்று. வாக்குறுதியை மீறுவது, ஆளையே உடைமையாக்குவது, உழைப்பை உறிஞ்சிக் கூலியை மறுப்பது ஆகிய மூன்றும் ஒப்பந்தம் என்ற ஒரே கட்டடத்தில் விழும் மூன்று விரிசல்கள். ஓர் ஒப்பந்தம் நேர்மையானதா என்று பார்க்க விரும்புபவர் இம்மூன்று இடங்களிலும் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

விற்கப்படுவது எது?

நம் இமாம்கள் விற்பனையையும் வாடகையையும் வெவ்வேறாகப் பிரித்தார்கள். விற்பனையில் பொருளே கைமாறுகிறது. ‘இஜாரா’ எனப்படும் கூலி ஒப்பந்தத்தில் பொருள் கைமாறுவதில்லை. அதன் பயன் மட்டும் குறித்த காலத்துக்குக் கைமாறுகிறது. வீட்டை வாடகைக்கு விட்டவன் வீட்டை இழப்பதில்லை. அவ்வாறே கூலிக்கு அமர்ந்தவன் தன் உழைப்பின் பயனைத் தருகிறானேயன்றித் தன்னைத் தருவதில்லை. சுதந்திர மனிதன் ‘மால்’ அல்லன். அதாவது கிரயத்துக்குரிய பொருள் அல்லன். ஆதலால் அவனை விற்பது பாவம் என்பதோடு நில்லாமல், அவ்விற்பனை பிறக்கும்போதே செல்லாததாகிறது.

கூலியாட்களிலும் இரு வகையினரை ‘ஹிதாயா’ போன்ற நூல்கள் பிரித்துக் காட்டுகின்றன. தையற்காரர், சாயமேற்றுபவர் போன்று பலருக்கும் பொதுவாக வேலை செய்பவர் ‘அஜீர் முஷ்தரக்’. வேலையை முடித்தால் அவருக்குக் கூலி. குறித்த காலத்துக்குத் தம்மை ஒருவரிடமே ஒப்படைப்பவர் ‘அஜீர் காஸ்’. ஒரு மாதத்துக்கு ஆடு மேய்க்க அமர்த்தப்பட்டவர் அதற்கு எடுத்துக்காட்டு. இவர் வேலைக்கு ஆயத்தமாக வந்து நின்றாலே கூலிக்கு உரியவராகிறார். முதலாளி அன்று வேலை தராவிட்டாலும் கூலி கடமையாகிறது. கால்பந்தாட்டக்காரர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர் என்பது என் எளிய கருத்து. அவர் கொடுத்தது தம் காலத்தை.

காலத்தை ஒப்படைக்கும் இத்தகைய ஒப்பந்தத்தின் அழகிய உருவத்தைத் திருமறையே நமக்குக் காட்டுகிறது. எகிப்தைவிட்டு அடைக்கலம் தேடி வந்த நபி மூஸா (அலை) அவர்களை மத்யன் நகரத்துப் பெரியவரிடம் வேலைக்கமர்த்தச் சொன்னவர் அவருடைய மகள். வலிமையும் நம்பிக்கையும் உடையவரே அமர்த்தத் தகுந்தவர் என்று அந்தப் பெண்மணி காரணமும் கூறினார். பெரியவர் விதித்த தவணை எட்டு ஆண்டு. பத்தாக நிறைவு செய்வது மூஸா (அலை) அவர்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அவருக்குச் சிரமம் தரத் தாம் நாடவில்லை என்றும் பெரியவர் சொன்னார். இரு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் தம்மீது வரம்பு மீறல் இருக்கக் கூடாது என்று மூஸா (அலை) அவர்கள் உறுதி பெற்றுக்கொண்டார்கள். சூரா அல்கஸஸில் இவ்வரலாறு விரிகிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒப்பந்தத்தை நீட்டிக்கும் உரிமை வேலை கொடுத்தவர் கையில் இல்லை; வேலை செய்பவர் கையில் இருந்தது. ஆம்பூர் இளைஞர் கொண்டுவந்த தாளிலோ, இரண்டு ஆண்டு முடிந்தபின் கழகம் விரும்பினால் மூன்றாம் ஆண்டுக்கும் நீட்டிக்கலாம் என்றிருந்தது. ஆட்டக்காரர் விரும்பினால் என்ற சொல் எங்கும் இல்லை.

தவணை முடிந்த பின்னும் திறவாத கதவு

கால்பந்தாட்டம் தொழிலாக வேரூன்றிய இங்கிலாந்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஒரு வழக்கம் இருந்துவந்தது. ஆட்டக்காரரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டாலும் அவருடைய பதிவைக் கழகம் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். கழகம் விடுவிக்காமல் அவர் வேறெங்கும் ஆட முடியாது. ஆட்டக்காரர் எவராயினும் இவ்வளவுக்கு மேல் கூலி இல்லை என்ற வரம்பும் இருந்தது. வாரத்துக்கு 20 பவுன் என்ற அவ்வரம்பு 1961இல்தான் நீங்கியது.

நியூகாஸில் கழகத்தின் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் 1960இல் தம் ஒப்பந்தம் முடிந்ததும் விலக விரும்பினார். கழகம் மறுத்தது. அவர் ஆடுவதை நிறுத்திவிட்டு, ஊரைவிட்டுப் போய்த் தக்கை வியாபாரத்தில் சேர்ந்து பிழைத்தார். பின்னர் 47,500 பவுனுக்கு ஆர்ஸனல் கழகத்துக்கு அவர் மாற்றப்பட்டபோதிலும் வழக்கைக் கைவிடவில்லை. 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், தவணை முடிந்தவரைப் பிடித்து வைத்திருக்கும் முறை தொழில் உரிமையை நியாயமின்றித் தடுப்பதாகும் என்று தீர்ப்பளித்தார். அடிமை வாணிகத்தை ஒழிக்கப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இருபதாண்டுகள் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் கொள்ளுப்பேரனுக்கு மகன் இந்நீதிபதி. இறைவனின் ஏற்பாடுகள் வியப்புக்குரியவை.

ஆயினும் தீமை முற்றாக ஒழியவில்லை. பெல்ஜியம் நாட்டில் லியேஜ் நகரக் கழகத்தில் ஆடிய ஷான் மார்க் போஸ்மனின் ஒப்பந்தம் 1990இல் முடிந்தது. கழகம் பழைய கூலியில் கால்பங்கே தருவதாகச் சொன்னது. அவர் பிரான்ஸின் டன்கிர்க் கழகத்துக்குச் செல்ல முயன்றபோது, மாற்றுத் தொகை பற்றிய சிக்கலால் அது நின்றுபோயிற்று. கூலியும் இல்லை; வெளியேறும் வழியும் இல்லை. ஐந்தாண்டு போராடி 1995 டிசம்பர் 15ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றார். ஒப்பந்தம் முடிந்தவருக்காக ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே மாற்றுத் தொகை கேட்கலாகாது என்பது அத்தீர்ப்பு. அதன் கனியை அவர் பெரிதும் சுவைக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் சுவைத்தார்கள்.

நபி யூஸுஃப் (அலை) அவர்களைச் சில வெள்ளிக்காசுகளுக்கு விற்ற வரலாற்றை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். விற்றவர்களுக்கு அவர்மீது யாதோர் உரிமையும் இல்லை. கிணற்றிலிருந்து கிடைத்தவர் என்பதைத் தவிர அவர்கள் எதைக் காட்ட முடியும்? தவணை முடிந்த ஆட்டக்காரருக்குத் தொகை கேட்டவர்களும் அத்தகைய நிலையில்தான் இருந்தார்கள். அவருடைய காலம் அவரிடமே திரும்பிவிட்டது. அதற்குப் பின்னும் கேட்கும் தொகை எதற்கு? உழைப்புக்கு என்று சொல்ல முடியாது. ஆளுக்கு என்றுதான் சொல்ல வேண்டும். அவ்விடத்தில் ‘விற்பனை’ என்ற சொல் கேலியாக இல்லாமல் உண்மையாகிவிடுகிறது.

தவணைக்குள் வாங்கும் ஈடு

அப்படியானால் மாற்றுத் தொகை அனைத்தும் கூடாததா என்று கேட்கலாம். அவ்வாறு கூறத் துணியேன். ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டு மீதமிருக்கிறது. வேறொரு கழகம் அழைக்கிறது. ஆட்டக்காரரும் செல்ல விரும்புகிறார். முதற் கழகம் தனக்கு எஞ்சியுள்ள காலத்தின் உரிமையை விட்டுக்கொடுத்து ஈடு கேட்கிறது. இங்கே கைமாறுவது ஆள் அன்று. ஓர் உரிமையின் துறப்பு. பதவி உரிமையைத் துறந்து ஈடு பெறுவது குறித்து இப்னு ஆபிதீன் முதலிய பிற்கால ஹனஃபி அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவ்வழியே நோக்கின், ஆட்டக்காரரின் மனமார்ந்த சம்மதம் இருக்கும்வரை இதனைத் தொழில் விடுவிப்பு என்றே கொள்ளலாம். 2017இல் நெய்மர் பார்ஸிலோனாவிலிருந்து பாரிஸுக்குச் செல்ல 22 கோடியே 20 லட்சம் யூரோ கொடுக்கப்பட்டது. தொகையின் பெருமை நம்மை மலைக்கச் செய்யலாம். அது வீண் விரயமா என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. ஆனால் அது வேறு கேள்வி.

உலகக் கால்பந்துச் சம்மேளனமாகிய ஃபிஃபாவின் விதிகளில் பாராட்டத்தக்க ஒன்றும் உண்டு. ஒப்பந்தத்துக்கு நடுவில் நிகழும் மாற்றத்தில் கைமாறும் தொகையில் நூற்றுக்கு 5 பங்கு, அந்த ஆட்டக்காரரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும். எங்கோ ஒரு சிற்றூரில் வெறுங்காலோடு ஓடிய சிறுவனுக்குப் பந்தைக் கட்டுப்படுத்தக் கற்பித்தவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆசிரியத் தொழில் செய்பவன் என்பதால் இவ்விதி என் நெஞ்சைத் தொட்டது என்பதை மறைப்பானேன்?

வாக்கை மீறும் மறுபுறம்

இதுவரை கழகங்களின் தவற்றையே பேசினோம். ஒப்பந்தம் இருபுறமும் கூர்மையுள்ள கத்தி. முஃமின்களை விளித்து, உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி கட்டளையிடுவதோடுதான் சூரா அல்மாயிதா தொடங்குகிறது. அக்கட்டளை முதலாளிக்கு மட்டும் உரியதன்று. மேலும், ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தின் மேல் மற்றொருவர் புகுந்து வியாபாரம் பேசுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரரை மறைவில் அழைத்துக் கூடுதல் கூலி காட்டும் கழகத்துக்கு இத்தடை நேராகப் பொருந்தும். தவணையின் கடைசி ஆறு மாதங்களில்தான் ஆட்டக்காரர் வேறு கழகத்தோடு தாமே உடன்பாடு செய்துகொள்ளலாம். அதற்கு முன் பேசுவதாயின் இப்போதைய கழகத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று ஃபிஃபாவின் விதியும் கூறுகிறது.

நம் நாட்டில் கல்கத்தா மாநகரம் இத்தகைய கதைகளுக்குப் பெயர் பெற்றது. பருவத் தொடக்கத்தில் புகழ்பெற்ற ஆட்டக்காரரை எதிர்க் கழகத்தார் கண்ணில் படாதவாறு ஒளித்து வைத்திருந்து, பதிவு நாளில் நேரே அழைத்து வந்து கையெழுத்திடச் செய்த நிகழ்ச்சிகளை அங்குள்ள முதியோர் இன்றும் சுவையாகக் கூறுவர். கேட்கச் சுவையாயிருக்கிறது. ஒளித்து வைக்கப்பட்டவன் மனிதன் என்பதை நினைத்தால் சுவை குறைகிறது.

அண்மைக் காலத்து வழக்கொன்று இருபுறத்தையும் நமக்குக் காட்டும். பஞ்சாபைச் சேர்ந்த அன்வர் அலி 2017இல் இந்தியாவில் நடைபெற்ற 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடியவர். 2019இல் மும்பைக் கழகத்தின் மருத்துவப் பரிசோதனையில் அவருடைய இதயத்தில் கோளாறு இருப்பது தெரியவந்தது. அகில இந்திய கால்பந்துச் சம்மேளனம் அவரை ஆட வேண்டாமென்றது. உயிரைக் காக்கும் எச்சரிக்கை என்று அதனைச் சொல்லலாம். ஆனால் அந்த இளைஞருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றே. அவர் தில்லி உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். பின்னர் மருத்துவர்களின் கருத்தும் பெற்று மீண்டும் களமிறங்கினார். இந்திய அணியிலும் இடம் பெற்றார்.

எந்த இதயத்துக்காக அவரை ஒதுக்கினார்களோ, அதே இதயத்தோடு ஆடியவருக்காகப் பின்னர் இரு பெருங் கழகங்கள் மோதிக்கொண்டன. தில்லிக் கழகம் அவரை மோகன் பகானுக்கு நான்கு ஆண்டு இரவலாக அளித்திருந்தது. 2024இல் அவர் அதனை முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்கால் கழகத்தோடு உடன்பட்டார். ஓராண்டுக்கு மேல் இரவல் கூடாது என்னும் ஃபிஃபாவின் புதிய விதி அவர் தரப்பு வாதங்களில் ஒன்று. 2024 செப்டம்பர் 10ஆம் நாள் சம்மேளனத்தின் குழு, நியாயமான காரணமின்றி ஒப்பந்தம் முறிக்கப்பட்டது என்று கூறி, நான்கு மாதம் ஆடத் தடையும், அவரும் இரு கழகங்களும் சேர்ந்து 12 கோடியே 90 லட்சம் ரூபாய் ஈடு செலுத்த வேண்டுமென்றும் விதித்தது. வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது; அவ்வாணை திரும்பப் பெறப்பட்டு, மறு விசாரணை என்றாயிற்று.

யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. கவனிக்க வேண்டியது இதுவே: நோயுற்றபோது ‘நீ வேண்டாம்’ என்ற உலகம், நலமுற்றபோது ‘நீ எமக்கே உரியவன்’ என்கிறது. அதே வேளையில், நேற்றுத் தனக்கிழைக்கப்பட்ட அநீதி இன்றைய வாக்கை மீறுவதற்கு உரிமைச் சீட்டாகிவிடாது. முறிக்கத் தகுந்த காரணம் உண்டா என்பதே கேள்வி. ஹனஃபி மத்ஹபில் தக்க ‘உத்ர்’, அதாவது தவிர்க்கவியலாத காரணம் இருந்தால் இஜாராவை முறிக்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில் அவ்வாசல் இன்னும் குறுகியது. முறித்தவர் தரும் ஈடும் அளவோடு இருத்தல் வேண்டும். லஸானா டியாரா என்ற பிரெஞ்சு ஆட்டக்காரரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2024 அக்டோபர் 4இல் கூறியது இதனை ஒட்டியதே. முறித்தவரை அமர்த்த எந்தக் கழகமும் அஞ்சும் அளவுக்குச் சுமையை ஏற்றும் விதிகள் சில, சட்டத்துக்கு முரணானவை என்று அது தீர்த்தது. தண்டம் மிகுந்தால் அதுவும் சங்கிலியாகிவிடுகிறது.

அமர்ந்திருப்பவனின் கூலி

ஆட்டக்காரனுக்குக் கூலியைவிடப் பெரிய வேதனை ஒன்றுண்டு. ஒப்பந்தம் இருக்கும், கூலியும் வரும், களத்தில் மட்டும் இடம் இராது. பதினொருவர் ஆட, அவன் ஓரத்து இருக்கையில் அமர்ந்து பருவத்தைக் கழிப்பான். அவன் வாங்கும் கூலி ஹலால்தானா என்ற ஐயம் சிலருக்கு எழுகிறது. ஐயமே வேண்டா. அஜீர் காஸ் பற்றி மேலே கூறியதை நினைவுகூர்க. ஆயத்தமாக வந்து நின்றவனுக்குக் கூலி கடமை. ஆனால் கூலி மட்டும் போதுமா? ஓராண்டு ஆட்டங்களில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே களமிறக்கப்பட்ட தேர்ந்த ஆட்டக்காரர், அதனையே காரணமாகக் காட்டி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள ஃபிஃபாவின் விதி வழிவிட்டிருக்கிறது. மனிதனுக்குக் கூலியோடு பயன்பட வேண்டும் என்ற பசியும் உண்டு என்பதை அவ்விதி ஏற்றுக்கொள்கிறது.

யாரை எடுப்பது, யாரை விடுப்பது என்பது அமானிதம். உஹதுப் போருக்கு முன் நாயகம் (ஸல்) அவர்கள் சிறுவர் சிலரைத் திருப்பி அனுப்பினார்கள். பதினான்கு வயதினரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களும் அவர்களுள் ஒருவர். அடுத்து அகழ்ப்போரின்போது பதினைந்து வயதில் அனுமதி பெற்றார். ராஃபிஃ (ரலி) என்ற சிறுவர் வில்வித்தை வல்லவர் என்று ஏற்கப்பட்டபோது, ஸமுரா (ரலி) என்ற மற்றொரு சிறுவர், தாம் மற்போரில் அவரை வீழ்த்த வல்லவர் என்று முறையிட்டார். இருவரையும் பொருதச் செய்து பார்த்தார்கள், ஸமுரா வென்றார், அவருக்கும் அனுமதி கிட்டிற்று என்று சீறா நூல்கள் கூறுகின்றன. மறுப்பதற்குக் காரணம் இருந்தது. மறுக்கப்பட்டவனின் முறையீட்டுக்குச் செவியும் இருந்தது. நம் ஊர்ப் பந்தயக் குழுக்களில் இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன் என்று இடம் நிரப்புவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

வியர்வை உலர்ந்த பிறகு

மூன்றாவது விரிசலுக்கு வருவோம். உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தவர் நாம். 1891இல் தோன்றிய கல்கத்தா முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் நம் முன்னோரின் பெருமிதம். கல்கத்தா லீகில் முதன்மைப் பட்டத்தை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டு வென்றது. பெங்களூர் உள்ளிட்ட தொலைவூர்களிலிருந்து ஆட்டக்காரரைத் தேடிச் சேர்த்ததே அதன் வலிமை. அதே கழகத்தில் 2025 ஜனவரியில் கூலி நிலுவைக்காக ஆட்டக்காரர்கள் பயிற்சியைப் புறக்கணித்தார்கள். பயிற்சியாளரும் அதே காரணம் கூறி விலகினார். அண்ணலாரின் திருநாமத்தைத் தாங்கிய கழகத்தைப் பற்றி இதனை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விடவும் மனம் ஒப்பவில்லை.

அதே ஆண்டு, இந்திய சூப்பர் லீகை நடத்தும் உரிமை பற்றிய உடன்பாடு புதுப்பிக்கப்படாமல் பருவமே கேள்விக்குறியாயிற்று. ஆகஸ்ட் மாதத்தில் பெங்களூர்க் கழகம் ஆட்டக்காரர், பணியாளர் ஊதியத்தை நிறுத்தி வைத்தது; சென்னையின் கழகமும் தன் பணிகளை நிறுத்தி வைத்தது. கழகங்களின் நெருக்கடி உண்மையானதே. ஆயினும் வந்து நின்றவனுக்குக் கூலி என்ற சட்டம், முதலாளிக்கு நெருக்கடி வந்தபோது உயிர் பெறாவிட்டால் வேறெப்போது உயிர் பெறும்? இரண்டு மாதக் கூலி நின்றால் பதினைந்து நாள் அறிவிப்புக் கொடுத்து ஆட்டக்காரர் விலகலாம் என்பது 2018 முதல் ஃபிஃபாவின் விதி. முந்தைய தலைமுறையில் சென்னையின் இந்தியன் வங்கி, ரயில் பெட்டித் தொழிற்சாலை போன்ற நிறுவனங்கள் ஆட்டக்காரருக்கு நிலையான வேலையே தந்தன. இந்தியன் வங்கிக்கும் இந்தியாவுக்கும் ஆடிய சையத் சாபிர் பாஷா போன்றோர் அக்காலத்தவர். ஆட்டம் ஓய்ந்தாலும் அடுப்பு அணையாத ஏற்பாடு அது.

தந்தையின் கேள்வி

இரண்டு நாள் கழித்து இளைஞர் மீண்டும் வந்தார். இம்முறை தந்தையாரும் உடன் வந்தார். நான் கண்டவற்றைச் சொன்னேன். இத்தாள் விற்பனைப் பத்திரம் அன்று, காலத்தை ஒப்படைக்கும் இஜாரா, கையெழுத்திடலாம். ஆனால் மூன்றாம் ஆண்டு நீட்டிப்பு இரு தரப்புச் சம்மதத்தோடு என்று திருத்தக் கேளுங்கள். கூலி தரும் நாளும், காயமுற்றால் மருத்துவச் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். கையெழுத்திட்டபின் வேறெவர் அழைத்தாலும் ஒளிந்து பேசாதீர்கள் என்றேன்.

தந்தையார் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலைகுனிந்தவாறே சொன்னார்: “பிள்ளைக்காவது ஒரு காகிதம் இருக்கிறது ஹஜ்ரத். பதினெட்டு வருஷமாய் டேனரிக்குப் போகிறேன். எனக்கு எந்தக் காகிதமும் கிடையாது. மூத்தவள் நிக்காஹுக்கு முன்பணம் வாங்கினேன். அதைக் கட்டி முடிக்கும்வரை வேறெங்கும் போகக் கூடாது என்கிறார்கள். வேறு ஷாப்காரர் அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு என்னை எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். இதற்குப் பெயர் என்ன ஹஜ்ரத்?”

எனக்கு விடை வரவில்லை. ஈஸ்ட்ஹாமும் போஸ்மனும் என் நாவில் இருந்தார்கள். என் எதிரே அமர்ந்திருந்தவர் என் கண்ணில் படாமல் இருந்திருக்கிறார்.

வாசகப் பெருமக்களே! வேலூர், மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் நம் பகுதியின் செல்வம் தோலில் விளைந்தது. மதரஸாக்களையும் கல்லூரிகளையும் அச்செல்வம் எழுப்பியது. நானும் அதன் நிழலில் ஓதியவன். நேர்மையாகக் கூலி கொடுத்து, தொழிலாளியின் வீட்டு நன்மை தீமைகளில் முன்னிற்கும் முதலாளிகளை நானறிவேன். ஆயினும் முன்பணம் கொடுத்து ஆளைப் பிணித்து வைக்கும் வழக்கம் எந்தத் தொழிலில் இருந்தாலும், பீடியாயினும் செங்கல் சூளையாயினும் தோலாயினும், அது தவணையே இல்லாத ஒப்பந்தம். கடன் கொடுத்தவருக்குக் கடனைக் கேட்க உரிமையுண்டு. ஆளைக் கேட்க உரிமையில்லை. கடனுக்காக உழைப்பைப் பிணிப்பதை நாட்டின் சட்டமும் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தால் தடுத்திருக்கிறது. கடனையும் கூலியையும் தனித்தனியே எழுதி, போக விரும்புபவனைப் போகவிட்டு, கடனைத் தவணையில் வாங்கிக்கொள்வதில் முதலாளிக்கு என்ன குறைந்துவிடும்? இயலாதவனுக்கு அவகாசம் கொடுக்குமாறு திருமறையே பணிக்கிறது. எட்டு ஆண்டு என்று தெளிவாகச் சொல்லி, சிரமம் தர நாடவில்லை என்றும் சொன்ன மத்யன் பெரியவரின் ஒப்பந்தம் நம் கணக்குப் புத்தகங்களுக்கு எட்டாத உயரத்தில் இல்லை.

அந்தத் தந்தையாருக்காக அவர் வேலை செய்யும் இடத்து முதலாளியிடம் பேசுவதாக வாக்களித்தேன். சென்று பேசினேன். கணக்கைத் தனியே எழுதித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டார். எழுதிய தாளுக்காகக் காத்திருக்கிறோம். மகன் கேட்ட திருத்தத்துக்கும் கழகத்திடமிருந்து இன்னும் விடை வரவில்லை. ஒரே வீட்டில் இருவர் இரண்டு தாள்களை எதிர்பார்த்திருக்கிறார்கள்.

சுதந்திர மனிதனுக்கு விலை உண்டா என்று கேட்ட மாணவனுக்கு விடை சொல்லிவிட்டேன். அவருடைய தந்தையார் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாம் அனைவரும். மறுமையில் வல்ல நாயன் வழக்காடும் மூவரில் ஒருவராக நம்மில் எவரும் நிற்காதிருக்க அவனே அருள்புரிவானாக. ஆமீன்.